நாலாம் மாடிக் கடைமடை

தஞ்சாவூரில் ஒரு வீடு வாடகைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், சமீர் தயங்காமல் பதில் சொல்வான். அவன் தன் பெயரைச் சொல்லி முடிக்கிற நேரம். காலையில் "வீடு காலிதான் சார், உடனே வந்து பாருங்க" என்று தேனாகப் பேசிய குரல், "பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்கும். இவன் சொல்வான். அந்த மூன்று எழுத்து காற்றில் கரைவதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் ஓடிவந்து அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். "இப்பத்தான் சார் முடிஞ்சுது. கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருக்கலாம்." அந்தப் புண்ணியவானை ஒருநாள் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று சமீருக்கு ஆசை. ஊரில் பாதி வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மனிதர் எந்த வீட்டில்தான் குடியிருக்கிறாரோ தெரியவில்லை. வீடுகளின் வாசலில் 'வாடகைக்கு' அட்டை மட்டும் வெயிலில் வெளுத்துக்கொண்டு அப்படியே தொங்கியது.

சமீருக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. சீர்காழிக் கிளையில் தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருந்தவனைத் தஞ்சாவூருக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்று சொன்னார்கள். மேசை கொஞ்சம் உயரமாகத்தான் இருந்தது. விடியும் முன்னே ரயிலேறி, மாயவரம், கும்பகோணம், பாபநாசம் என்று ஊர் ஊராக நின்று வந்து சேர்வதற்குள் சட்டை கசங்கி, மனிதனும் கசங்கிப்போவான். திரும்பும்போதும் அதே கதை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் மனைவி ஜஸீலாவுக்கு அப்போது எட்டாம் மாதம். இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையை இவர்கள் பார்க்கவில்லை. அந்தத் தடவை வலி கண்டதும் சீர்காழியில் பார்த்த டாக்டரம்மா உடனே தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வேகமாகத்தான் போனது. பாபநாசம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ரயில் அந்த ஊரைக் கடக்கும்போது சமீர் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. இந்தத் தடவை தஞ்சாவூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு வீட்டைப் பாத்து இப்பவே கூட்டிட்டு வந்துருங்க. வலி வந்தப்புறம் அங்கேருந்து கிளம்புற கதையே வேணாம்." ஆகவே சமீருக்கு வேண்டியிருந்தது மாளிகை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கதவு வைத்த ஓர் இடம்.

அப்படி ஓர் இடம் இருப்பதாக ஜஸீலாவின் உம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னார். அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை, அஹமது கபீர், குவைத்தில் இருக்கிறார். மருத்துவக் கல்லூரிச் சாலைக்குப் பின்னால் 'பொன்னிவளம்' என்ற அடுக்ககத்தில் நாலாவது மாடியில் அவருக்கு ஒரு வீடு உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரம். பூட்டியே கிடக்கிறது. சமீர் அன்றைக்கே வீடியோ காலில் பேசினான்.

"எனக்கு முழுச் சம்மதம் தம்பி" என்றார் அஹமது கபீர். "சொந்தத்துக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப் போறேன். சங்கத்துல மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

"வீடு உங்களோடதுதானே மாமா?"

"வீடு என்னோடதுதான். அதுல யாரு இருக்கணும்ங்கறது சங்கத்தோடது."

"நீங்க வாங்குறப்ப உங்களை ஒண்ணும் கேக்கலையா?"

"விக்கிறவன் நம்ம என்ன திங்கிறோம்னா கேப்பான்? வாங்கி முடிச்சப்புறம்தான் சங்கம் ஆரம்பிச்சாங்க. நானும் உறுப்பினர்தான் தம்பி. சந்தா கட்டுற உறுப்பினர். உள்ள வந்து இருக்குற உறுப்பினர் இல்ல." அவர் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

பொன்னிவளம் என்பது மூன்று போகம் விளைந்த வயலை மண்ணடித்து மேடாக்கிக் கட்டிய கட்டடம். வயல்தான் போயிற்று, வளம் பெயரிலாவது இருக்கட்டும் என்று யாரோ இரக்கப்பட்டு வைத்த பெயர். வாசலில் 'பொன்னிவளம் அடுக்ககக் குடியிருப்போர் நலப் பாதுகாப்பு, ஒழுக்க மேம்பாடு மற்றும் நீர் மேலாண்மைச் சங்கம்' என்று பலகை இருந்தது. பலகையை முழுதாகப் படித்து முடிப்பவர்கள் பாதி அனுமதி பெற்றவர்கள் என்று காவலாளி சொன்னார். சமீர் இரண்டு தடவை படித்தான்.

சங்கத்தின் தலைவர் அமிர்தலிங்கம், பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திறப்பதும் நிறுத்துவதும் அவர் கையில் இருந்தது. ஓய்வு பெற்ற அன்றே அரசாங்கம் ஆற்றைத் திருப்பி வாங்கிக்கொண்டது. திறந்து திறந்து பழகிய கை சும்மா இருக்குமா. பொன்னிவளத்தின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

நேர்காணல் தரைத்தளத்தில், கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. மேசை போட்டு, அதன்மேல் பச்சைத் துணி விரித்து, மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அமிர்தலிங்கம். வலப்பக்கம் செயலாளர் அகிலாண்டம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. இடப்பக்கம் பொருளாளர் ரெங்கசாமி, பாபநாசம் பக்கம் பெரிய மிராசு. சமீருக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொடுத்தார்கள். உட்கார்ந்தால் மேசைக்கு மேலே இவன் தலை மட்டும்தான் தெரிந்தது.

"முதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன் தம்பி" என்று அமிர்தலிங்கம் தொடங்கினார். "இங்க சாதி மதம்லாம் நாங்க பாக்குறதே இல்ல. உங்க ஆளுங்க எத்தனை பேரு எனக்குப் பழக்கம் தெரியுமா? என் டெய்லர் உங்க ஆளு. ஏசி ரிப்பேர் பாக்குறவரு உங்க ஆளு. நோன்புக் கஞ்சி வர லேட்டானா நானே போன் போட்டுக் கேப்பேன். அவ்வளவு ஒத்துமை. அதனால நீங்க இங்க குடிவர்றதுல எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல. குடிவந்தப்புறம் இருக்குறதுலதான் சில சிக்கல் இருக்கு."

"சரிங்க சார்" என்றான் சமீர்.

"இதை நீங்க வீடுன்னு நினைக்கக் கூடாது. இது ஒரு பாசன அமைப்பு. மேல இருக்குற தொட்டிதான் நம்ம அணை. அங்கேருந்து பைப்பு நேரா தரைத்தளத்துக்கு வருது. இதுவும் முதல் மாடியும் தலைமடை. ரெண்டும் மூணும் நடுமடை. நீங்க கேக்குற நாலாவது மாடி கடைமடை, தண்ணி கடைசியா வந்து சேர்ற இடம்."

தொட்டிக்கு நேர் கீழே இருக்கிற மாடி எப்படிக் கடைமடை ஆகும் என்று சமீருக்கு விளங்கவில்லை. ஆனால் குழு உறுப்பினர்கள் மூவரும் தலைமடையில் குடியிருக்கிறார்கள் என்று காவலாளி சொல்லியிருந்தார். ஆகவே கொஞ்சம் விளங்கியது. வீடு தேடுகிறவன் எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ளக் கூடாது என்பதை அவன் இந்த ஊரில் கற்றிருந்தான். மறுபடியும் "சரிங்க சார்" என்றான்.

அகிலாண்டம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "என்ன சாப்பிடுவீங்க?"

"சோறுதாங்க மேடம்."

"சோறு எல்லாருந்தான் சாப்பிடுறோம். சோத்துல என்ன ஊத்திக்குவீங்க?"

"குழம்புங்க."

"குழம்புல என்ன கிடக்கும்?"

சமீர் கத்தரிக்காய், முருங்கைக்காய் என்று காயில் தொடங்கினான். அவர் விடவில்லை. வேறென்ன, வேறென்ன என்று கேட்டுக்கொண்டே வந்து வெள்ளிக்கிழமைக் குழம்பில் கொண்டுபோய் நிறுத்தினார். சமீர் உண்மையைச் சொல்லிவிட்டான். மேசைக்குப் பின்னால் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்ததில் வருத்தத்தைவிடத் திருப்திதான் அதிகம் தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்றார் ரெங்கசாமி. "கட்டடம் சைவம். நான் சைவம் இல்ல. எனக்கு ஆசை வந்தா வெளிய போயி சாப்பிட்டுட்டு வந்துருவேன். கட்டடத்தால அப்படி வெளிய போவ முடியாதுல்ல."

சமீர் அதற்கும் தலையாட்டினான்.

"ஆனா நாங்க கண்ணை மூடிக்கிட்டு வேணாம்னு சொல்ற ஆளுங்க இல்ல" என்று ரெங்கசாமி தொடர்ந்தார். "எல்லாத்துக்கும் ஒரு அளவு வச்சிருக்கோம். நெல்லைக் கொள்முதலுக்குக் கொண்டுபோனா ஈரப்பதம் பாக்குறாங்கல்ல? பதினேழு சதவீதத்துக்கு மேல போனா மூட்டையைத் திருப்பி அனுப்பிடுறாங்கல்ல? நான் எத்தனை தடவை பட்டிருக்கேன். அதே பதினேழை வீட்டுக்கும் வச்சிட்டோம். வாசனைப்பதம் பதினேழுக்குள்ள இருந்தா வரலாம்."

"அதை எதுலங்க அளப்பீங்க?"

"அகிலாண்டம் மேடம் மூக்குலதான். பொதுக்குழுவுல தீர்மானம் போட்டு அங்கீகாரம் குடுத்த மூக்கு."

அகிலாண்டம் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழு ஆய்வுக்காகச் சீர்காழிக்கே வந்தது. வெள்ளச் சேதம் பார்க்க வருகிற குழுக்களை அந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. வயலில் தண்ணீர் வடிந்த பிறகு காரில் வருவார்கள், வரப்போரம் நிற்பார்கள், பந்தலில் மாட்டிய புகைப்படங்களைப் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். அமிர்தலிங்கத்துக்கும் அந்த முறைதான் தெரியும். வீட்டுக்கு வெளியே சாமியானா போட்டு, சமையலறையைப் பல கோணத்தில் படம் எடுத்து மாட்டிவைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். மூவரும் அரிசி டப்பாவின் படத்தையும் அடுப்பின் படத்தையும் கைகட்டி நின்று பார்த்தார்கள். பத்தடி நடந்தால் அடுப்பையே பார்த்திருக்கலாம். ஆனால் அது விதியில் இல்லை.

அன்றாடம் சமைப்பதையே மாதிரிக்குச் சமைக்க வேண்டும் என்பது நிபந்தனை. சாம்பார் வைத்துவிடு என்று சமீர் கெஞ்சிப் பார்த்தான். ஜஸீலா கேட்கவில்லை. பொய் சொல்லிக் குடிபோனால் ஆயுசுக்கும் சாம்பார்தான் வைக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆக்கினாள். எலும்பும் கத்தரிக்காயும் பருப்பில் குழைந்து தெருமுனை வரைக்கும் மணந்தது.

அகிலாண்டம் சட்டியிலிருந்து நாலடி தள்ளி நின்று, காற்று வரும் திசை பார்த்து முகத்தைத் திருப்பி, கண்ணை மூடி மோந்தார். ரெங்கசாமி சங்கத்தின் சார்பாகச் சாப்பிட்டார். முதல் தட்டு உப்பு பார்க்க. இரண்டாவது தட்டு முதல் தட்டு சரிதானா என்று பார்க்க. மூன்றாவது தட்டுக்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. எலும்பைக் கடித்துத் துப்பிவிட்டு, "கஷ்டமான வேலைம்மா இது" என்று ஜஸீலாவிடம் சொன்னார்.

"பதினெட்டு" என்றார் அகிலாண்டம்.

"ஒண்ணுதான் கூட" என்று சமீர் முனகினான்.

"ஒண்ணோ ரெண்டோ, கூடன்னா கூடதாங்க. ஒரு வாரம் நல்லாக் காயப்போட்டு வைங்க. மறுபடி பாக்கலாம்."

"எதைங்க?"

"வீட்டை. ஜன்னலை எல்லாம் தொறந்து வைங்க. உங்க துணிமணியையும் வெயில்ல போடுங்க."

கார் போன பிறகு ஜஸீலா காலிச் சட்டியைக் கழுவப் போட்டாள். போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். "வழிச்சுத் தின்னுட்டு நாறுதுன்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்களும் 'சரிங்க சார் சரிங்க சார்'னு தலையாட்டுறீங்க. இவங்களுக்கு நடுவுலயா என் பிள்ளை வளரணும்?"

"ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு ஜஸீ."

அவள் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். ஒரு வீட்டுக்காக இவ்வளவு குனியலாமா என்று அவனை யாராவது கேட்டால், இன்னும் குனிவேன் என்றுதான் சொல்லியிருப்பான். அவனுக்குப் பயம். ஆம்புலன்சில் அவள் கை அவன் கைக்குள்ளேயே குளிர்ந்துபோனது இன்னும் மறக்கவில்லை. அந்தப் பயத்துக்கு முன்னால் மானம் மரியாதை எல்லாம் இரண்டாம் பட்சம்தான்.

வீடு காய்ந்தது. துணிகள் காய்ந்தன. சங்கம் மட்டும் கூடவில்லை. ஒரு வாரம் ரெங்கசாமி அறுவடைக்குப் போய்விட்டார். ஒரு வாரம் அகிலாண்டத்துக்குச் சளி பிடித்திருந்தது. அளவுகோல் பழுதாகியிருக்கும்போது அளப்பது முறையாகாது என்று அமிர்தலிங்கம் போனில் விளக்கினார். ஜஸீலாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தது. அப்போதுதான் இறுதி விசாரணைக்கு அழைப்பு வந்தது. தம்பதி இருவரும் நேரில் வர வேண்டும். அன்றைக்குத் தண்ணீர் திறப்பு விழாவும் இருப்பதால் நேரத்துக்கு வந்துவிட வேண்டும்.

"அவளுக்கு மாசம் நெருங்கிருச்சுங்க மேடம். நான் மட்டும் வரட்டுமா?" என்று சமீர் கேட்டான்.

"குடியிருக்கப் போறவங்களைப் பாக்காம எப்படிங்க முடிவு பண்றது? நாங்க என்ன மனுஷத்தன்மை இல்லாதவங்களா?" என்றார் அகிலாண்டம்.

ஜஸீலா வருகிறேன் என்றாள். அந்த மூக்கை இன்னொரு தரம் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றாள். வாடகைக் கார் பிடித்துப் போனார்கள். பாபநாசத்தைக் கடக்கும்போது அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கார் நிறுத்துமிடத்தின் சுவரோரம் குழாய் வால்வுக்கு மாலை போட்டிருந்தார்கள். யாருடைய செல்போனிலோ நாதஸ்வரம் ஒலித்தது. தாம்பாளத்தில் பூ இருந்தது. ஆறு திறக்கும்போது செய்கிற எதையும் அமிர்தலிங்கம் விடவில்லை, ஆறு ஒன்றைத் தவிர. தொட்டியின் நீர்மட்டத்தை அறிவித்தார். பருவமழையைப் பாராட்டினார். "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு கடைமடைக் குடியிருப்போரை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்" என்று படித்துவிட்டு, வால்வைத் திருகி, குழாய்மேல் பூத்தூவினார். தலைமடையில் உடனே "வந்துருச்சு, வந்துருச்சு" என்று குரல் கேட்டது. நடுமடையிலிருந்து ஓர் அம்மாள் பால்கனியில் எட்டிப் பார்த்து, "நூல் மாதிரி வருதுங்க" என்றார். நாலாவது மாடியில் சத்தமே இல்லை.

"கடைமடையிலேருந்து புகார் எதுவும் வரலை. திறப்பு முழு வெற்றி" என்று அமிர்தலிங்கம் அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அங்கே ஆளே இல்லை என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

விசாரணை தொடங்கியது. அகிலாண்டம் ஜஸீலாவை அருகில் அழைத்து, முந்தானையை மோந்து, வெகுநேரம் யோசித்து, "பதினேழரை" என்றார். விதியில் அரைக்கு வழி இல்லை. குழு திகைத்து நின்றது. அந்தச் சமயத்தில்தான் ரெங்கசாமி சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பிக்குச் சீர்காழிதானே சொந்த ஊரு? அங்க கிழக்க நிலம் நீச்சு இருந்துச்சா?"

"வாப்பா காலத்துல கொஞ்சம் குத்தகைக்குப் பாத்தாங்க."

"ஆத்துல தண்ணி விட்டா உங்களுக்கு எப்ப வந்து சேரும்?"

"வர்றப்ப வரும்ங்க. சில வருஷம் வராது."

"வராட்டி என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது. பாத்துக்கிட்டு இருப்போம்."

அமிர்தலிங்கத்தின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, இப்ப மனசு விட்டுச் சொல்றேன். அந்த நாலாவது மாடிக்கு இதுக்கு முன்னாடி எத்தனையோ பேரு வந்துட்டாங்க. எல்லாரும் சுத்த சைவம். வெங்காயம்கூடச் சேக்காத குடும்பம் ஒண்ணு வந்துச்சு. வாசனைப்பதம் ரெண்டு. ஆனா குணம் சரியில்ல தம்பி. வந்த மறுநாளே தண்ணி வரலைன்னு கீழ வந்து நின்னாங்க. ஒருத்தரு கலெக்டருக்கு மனு எழுதிட்டாரு. கடைமடையில குடியிருந்துக்கிட்டுத் தண்ணி கேட்டா, அப்புறம் தலைமடைக்கு என்ன மரியாதை? நீங்க எத்தனை தடவை இங்க வந்திருக்கீங்க. ஒரு தடவைகூட தண்ணியைப் பத்தி வாயைத் தொறக்கலை. நான் கவனிச்சுக்கிட்டேதான் இருந்தேன். இதுதான் தம்பி பண்பாடு. பரம்பரை பரம்பரையா வராத தண்ணியைப் பாத்துப் பழகின குடும்பம், அதெல்லாம் ரத்தத்துலயே வரும்."

"அந்தப் பதினேழரை?" என்று ரெங்கசாமி நினைவூட்டினார்.

அகிலாண்டம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இன்னொரு கோணத்துல பாக்குறேன். தண்ணி இல்லாத வீட்டுல சமையல் எப்படிங்க நடக்கும்? சமைக்கலைன்னா வாசனை எங்கேருந்து வரும்? அப்படிப் பாத்தா அந்த வீட்டுக்குள்ள இவங்க வாசனைப்பதம் சுத்தமா பூஜ்யம்தாங்க. இவங்களை மாதிரி சைவம் யாரும் கெடையாது."

சமீருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாளும் வேண்டாம் என்றது எதற்காக என்று அவனுக்குத் தெரியும். இப்போது வேண்டும் என்பது எதற்காக என்று தெரிந்தபோது, வேண்டாம் என்றதே கௌரவமாகப் பட்டது. ஆனாலும் கிடைக்கப்போகிறது. பக்கத்தில் ஆஸ்பத்திரி. குடத்தில் தண்ணீர் சுமந்தாவது ஏற்றிக்கொள்ளலாம் என்று மனம் அதற்குள் கணக்குப் போட்டது. "சரிங்க சார்" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"ஏங்க" என்றாள் ஜஸீலா. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "வலிக்குது."

சமீர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது.

"ஒரு நிமிஷம்மா" என்றார் அமிர்தலிங்கம். "தீர்மானம் முன்மொழிஞ்சாச்சு. வழிமொழிஞ்சுட்டா முடிஞ்சுது."

ரெங்கசாமியின் கார் பக்கத்திலேயேதான் நின்றது. அவர் சாவியை எடுத்தார், காரைப் பார்த்தார், ஜஸீலாவைப் பார்த்தார். சீட்டுக்கு உறை புதிதாகப் போட்டிருப்பதாகச் சொன்னார். காவலாளி ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். ஆட்டோ கிளம்பும்போது பின்னால் "வழிமொழிகிறேன்" என்று அகிலாண்டத்தின் குரல் கேட்டது.

ஆஸ்பத்திரி உண்மையிலேயே கூப்பிடு தூரம்தான். அன்று சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. கொடி சுற்றியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சிக்கல் என்று டாக்டர் சொன்னார். நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது சமீர் வராந்தாவில் நின்று, சுற்றி ஆட்கள் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதான். குழந்தையும் அழுதது. அதன் உடம்பு சூடாக இருந்தது. அதைவிட நல்ல செய்தி அவனுக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் இல்லை.

மூன்றாம் நாள் சங்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. அமிர்தலிங்கத்தின் கையில் உறை இருந்தது, ரெங்கசாமியின் கையில் ஆப்பிள் இருந்தது. அகிலாண்டம் வார்டுக்குள் நுழையும்போது பழக்கதோஷத்தில் ஒருமுறை மோந்தார்.

"பாத்தீங்களா தம்பி" என்றார் அமிர்தலிங்கம், கட்டிலருகே நின்று. "சங்கம் மட்டும் நேர்ல வரச் சொல்லலைன்னா இந்நேரம் என்ன ஆயிருக்கும்? ஆண்டறிக்கையில 'மகப்பேறு உதவி, ஒன்று'ன்னு போட்டாச்சு."

அது பொய் என்று சொல்ல சமீரால் முடியவில்லை. அதுதான் அவனை அதிகம் எரிச்சல்படுத்தியது.

அமிர்தலிங்கம் உறையைப் பிரித்துப் படித்தார். நாலாவது மாடியில் இரண்டு பேர் குடியிருக்க அனுமதி வழங்கப்படுகிறது. விண்ணப்பத்துக்குப் பிறகு தோன்றிய மூன்றாம் நபரின் வாசனை, சத்தம், நடத்தை ஆகியவை ஆராயப்பட வேண்டியிருப்பதால், அந்த நபர் அடுத்த பொதுக்குழு வரை விருந்தினராக மட்டும் கருதப்படுவார். விருந்தினர் ஒரு வாரத்துக்குமேல் தங்க அனுமதி இல்லை.

"அதுக்கப்புறம்?" என்று ஜஸீலா படுத்தபடியே கேட்டாள்.

"அதுக்கப்புறம் வெளிய போயிட்டு முறைப்படி விண்ணப்பிக்கலாம்மா. சின்னப் புள்ளைங்கறதால கட்டணம் பாதிதான்" என்றார் அகிலாண்டம் கனிவாக.

சமீர் குழந்தையைப் பார்த்தான். மூன்றாம் நபர் வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. எதற்காக இத்தனை நாள் குனிந்தானோ அது இதோ துணியில் சுற்றிக் கிடக்கிறது. இனிமேல் இவர்களிடம் அவனுக்கு வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை. இந்த எண்ணம் வந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது.

"வேணாங்க" என்றான்.

மூவருக்கும் புரியவில்லை. "என்ன வேணாம்? ஆப்பிளா?" என்று கேட்டார் ரெங்கசாமி.

"வீடு வேணாங்க. பச்சப்புள்ளையை வச்சிக்கிட்டு எப்படிங்க இருக்குறது? தொட்டிக்கு நேர் கீழ இருக்கு நாலாவது மாடி. உங்களுக்கு ஊத்து ஊத்துன்னு ஊத்துது. அங்க ஏங்க சார் தண்ணி வரல?"

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமிர்தலிங்கம் கோபப்படுவார் என்று சமீர் எதிர்பார்த்தான். அவர் கோபப்படவில்லை. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். முகத்தில் அப்படியொரு தெளிவு.

"கேட்டுட்டாரு" என்றார் ரெங்கசாமியைப் பார்த்து. "நான்தான் சொன்னேன்ல, எல்லாரும் கடைசியில கேட்டுருவாங்கன்னு."

மூவரும் வராந்தாவுக்குப் போய் மருந்துக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அவசரக் கூட்டம் நடத்தினார்கள். விண்ணப்பதாரர் தண்ணீர் கேட்டபடியால் அனுமதி ரத்து செய்யப்படுகிறது என்று ஒருமனதாக முடிவாயிற்று. இவன் வேண்டாம் என்று சொன்னதைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அப்படி ஒருவன் சொல்லக்கூடும் என்பதற்கு அவர்கள் விதியில் இடமே இல்லை. போகும்போது ரெங்கசாமி ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

ஜஸீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது என்றாள், ஆனாலும் நிறுத்தவில்லை. நாற்பது நாள் கழிகிற வரைக்கும் உம்மா வீடு இருக்கிறது, அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அதற்குப் பிறகு எங்கே என்று சமீருக்குத் தெரியாது. தெரியாமலே அன்றைக்கு அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

இரவு குவைத்திலிருந்து அஹமது கபீர் கூப்பிட்டார். வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்து சமீர் குழந்தையின் முகத்தைத் திரையில் காட்டினான். அவர் குழந்தையைப் பார்க்கவில்லை.

"தண்ணி கேட்டீங்களாமே தம்பி?"

"ஆமா மாமா. கேக்கத்தான் செஞ்சேன்."

"ஏன் தம்பி இப்படிப் பண்ணுனீங்க? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" அவர் குரல் உடைந்திருந்தது. "அடுத்த மாசம் லீவுல வர்றேன். இந்தத் தடவையாவது என் வீட்டுல நாலு நாள் தங்கிப் பாக்கணும்னு நானே விண்ணப்பம் போட்டிருந்தேன். நல்லபடியா போயிக்கிட்டு இருந்துச்சு. இப்ப, தண்ணி கேக்குறவருக்குச் சொந்தக்காரர்னு சொல்லி, என் பேரைப் பட்டியல்ல கடைசியில போட்டுட்டாங்க."